உணவு, டாக்சி, வீட்டு வேலை செயலிகளுக்கு நம் விவரங்களைக் கொடுப்பது பாதுகாப்பானதா?

பெயர், கைப்பேசி எண், முகவரி இல்லாமல் யாரும் வீட்டுக்கு வர முடியாது. அவற்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் அவர்கள் கேட்காததை நீங்களாக எழுதாதீர்கள். எனக்கு இது அம்மா விஷயத்தில் புரிந்தது.

அம்மா இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். நான் பினாங்கில் வேலை பார்க்கிறேன். அவருக்கு முட்டி வலி வந்தால் இங்கிருந்தே சாப்பாடு ஆர்டர் செய்துவிடுவேன். வீடு தோட்டத்தை ஒட்டியது. வரைபடத்தில் தேடினால் செம்பனைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். அந்தக் காலத்தில் கடிதம் தோட்ட ஆபிசுக்கு வரும், கிராணி, அதாவது ஆபிஸ் எழுத்தர், கூப்பிட்டுக் கொடுப்பார். இப்போது சாப்பாடு கொண்டுவருபவருக்கு வழி சொல்லியாக வேண்டும். குறிப்புப் பெட்டியில் இப்படி எழுதினேன்: "மாரியம்மன் கோயில் தாண்டி மூன்றாவது வீடு. அம்மா தனியாக இருக்கிறார், காது மந்தம். பின்கதவு பூட்டியிருக்காது, தள்ளிக்கொண்டு உள்ளே வைக்கவும்."

ஒருமுறை எழுதியது முகவரியோடு சேர்ந்து நின்றுவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும், ஒவ்வொரு புது ஆளுக்கும் போயிருக்கிறது. எனக்கு அது மறந்தே போய்விட்டது. சில மாதங்கள் கழித்து கோயிலில் ஒருவர், "என்னக்கா, பின்கதவ பூட்டுறதே இல்லியாமே?" என்று அம்மாவிடம் கேட்டார். சாப்பாடு கொண்டுவந்த பையன் அவருக்குச் சொந்தமாம், பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, எழுதியது நான். அம்மா அன்று இரவு தூங்கவில்லை. பட்டணத்தில் சாப்பாடு கொண்டுவருபவர் யாரோ ஒருவர். எங்கள் ஊரில் அவர் யாருக்காவது மச்சான், யாருக்காவது மருமகன். வீட்டு விவரம் ஒருவர் காதில் விழுந்தால் ஊருக்கே போய்விடும்.

அப்புறம் ஐசி, அதாவது அடையாள அட்டை. வீடு சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் ஒரு சேவை, ஐசியின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னது. நான் அனுப்பவில்லை. நம் ஐசி எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பெயரும் முகவரியும் இதோடு சேர்ந்தால், மோசடிக்காரன் போலீஸ் என்று சொல்லிப் பேசும்போது எல்லா விவரமும் சரியாகச் சொல்வான். பெரியவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? மின்பணப்பைக்கு அடையாளச் சரிபார்ப்பு தேவை, சரி. வீடு கூட்ட எதற்கு? கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

சட்டம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், விளம்பரம் அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம். 2025 ஜூன் முதல், தகவல் கசிந்தால் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். என் மனதை உறுத்துவது வேறு. தகவலை எதற்காகச் சேகரிக்கிறார்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற அம்மா எதைப் படித்துச் சம்மதம் கொடுப்பார்? பிள்ளைகள் நாம்தான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும்.

இப்போது அம்மாவின் எண்ணைக் கொடுப்பதில்லை, என் எண்தான். பேச வேண்டியதைச் செயலிக்குள்ளேயே பேசுகிறேன். இருப்பிட அனுமதி செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும். ஒரு சேவை வேண்டாம் என்றால் முதலில் உள்ளே போய்க் கணக்கை அழிக்கிறேன். செயலியை மட்டும் நீக்கினால் விவரங்கள் அவர்களிடமே கிடக்கும். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். குறிப்புப் பெட்டியில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: "கோயில் தாண்டி மூன்றாவது வீடு. கேட்டில் மாட்டிவிட்டு எனக்கு அழைக்கவும்."