வெண்டிலேட்டர் ஒன்றுதான் இருந்தால், வயதைப் பார்த்துக் கொடுக்கலாமா?

30 வயதுக்காரரும் 75 வயதுக்காரரும் காத்திருக்கும்போது இளையவருக்குக் கொடுப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொரோனா பரவிய 2020 மார்ச்சில் இத்தாலியின் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கமே, வயது வரம்பு வைக்க நேரலாம் என்று எழுதியது. மூத்தவர் வாழ்ந்து பார்த்துவிட்டார், இளையவர் இன்னும் பார்க்கவில்லை என்பது ஆதரவு வாதம். எல்லாருக்கும் முதுமை வரும், ஆகவே இது பாகுபாடு அல்ல என்றும் சொல்வார்கள். எனக்கு அது இடிக்கிறது. ஆயுள் முழுக்க நல்ல வைத்தியமே பார்க்காத ஏழைக்கு, 70 வயதில்தான் முதல் வாய்ப்பு வருகிறது என்றால்?

தவிர, வயது குத்துமதிப்பான அளவுகோல். தினமும் மூச்சிரைக்காமல் மாடியேறும் 75 வயதுக்காரரையும் கல்லீரல் கெட்டுப்போன 45 வயதுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பிழைக்கும் வாய்ப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சமமாக இருந்தால் மட்டுமே வயதைக் கணக்கில் எடுப்பேன், அதுவும் தயக்கத்தோடு.