அம்மாவின் தோளில் இருந்த கை

கேள்வி: நாங்கள் 12 பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட குடும்பப் படம் என் மொபைலில் இருந்தது. அண்ணனோடு சொத்துத் தகராறு முற்றியதும், ஏஐ ஆப் ஒன்றில் அவரை மட்டும் நீக்கிவிட்டு உறவினர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அவர் கை அம்மா தோளில் இருந்ததால் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. மற்றபடி துளிகூடத் தெரியாது. அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. போட்டோவை யார்தான் எடிட் செய்யவில்லை? ஒரு படத்துக்கு இவ்வளவு கோபமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அம்மாவின் கோபம் அதிகப்படி என்று என் வாயால் வரவேண்டும், அதுதானே உங்கள் எதிர்பார்ப்பு? வராது.

"கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆளை நீக்குவது அரை நிமிட வேலை. கோபத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தக் கையை அம்மா தோளிலிருந்து எடுக்க எத்தனை முறை திரையில் தேய்த்திருப்பீர்கள்! ஒவ்வொரு முறையும் யார் கை, யார் தோள் என்று தெரிந்துதானே தேய்த்தீர்கள்?

ஆப் செய்த வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். கைக்கு அடியில் இருந்த தோளை கேமரா பார்க்கவே இல்லை. பார்க்காததை எந்த ஆப்பாலும் மீட்டுத் தர முடியாது. சுற்றியுள்ள பிக்சல்களையும், தான் பழகிய ஏராளமான படங்களையும் வைத்து, இங்கே இப்படி ஒரு தோள் இருக்கலாம் என்று ஊகித்து வரைந்துவிடும். ஆக, அண்ணன் போனது மட்டுமல்ல, அம்மாவுக்கும் அவருடையது அல்லாத ஒரு தோளை ஒட்டவைத்திருக்கிறீர்கள்.

துளிகூடத் தெரியாது என்பதும் உங்கள் நினைப்பு. படத்தைப் பெரிதாக்கித் தரையைப் பாருங்கள். ஆளைத் தேர்வு செய்யும்போது பல சமயம் அவர் நிழல் விட்டுப்போகும். ஜன்னல் கண்ணாடியிலோ பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கண்ணாடியிலோ பிம்பம் மிஞ்சும். சுவரோரக் கோடு ஓரிடத்தில் நெளியும், துணியின் டிசைன் பாதியில் குழம்பும். அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. தன் தோளில் யார் கை வைத்திருந்தார் என்று அவருக்குத் தெரியாதா?

எல்லோரும் எடிட் செய்கிறார்கள்தான். ஆனால் எதை? செய்தி நிறுவனங்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வெளிச்சத்தையும் நிறத்தையும் அளவோடு திருத்தலாம், படத்துக்குள் இருந்ததை நீக்கவோ, இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. குடும்பப் படத்துக்கு அதைவிடக் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. (பரு ஒன்றை மறைத்ததற்கெல்லாம் நான் சண்டைக்கு வரமாட்டேன்.)

நீங்கள் செய்தது புதிதும் அல்ல. 1937-இல் மாஸ்கோ – வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நின்று படத்தில் பதிவான சோவியத் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ், 1940-இல் சுட்டுக்கொல்லப்பட்டபின் அந்தப் படத்திலிருந்து காணாமல் போனார். அவர் நின்ற இடத்தைத் தண்ணீராக்கிவிட்டார்கள். ஆனால் மூலப்படம் தப்பிப் பிழைத்தது. இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

சொத்தில் பங்கு கேளுங்கள், கோர்ட்டுக்கே போங்கள், அது உங்கள் உரிமை. அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

இனி ஆகவேண்டியதைப் பாருங்கள். மூலப்படம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. தனி ஆப் என்றால் பெரும்பாலும் புதிய பிரதியாகத்தான் சேமித்திருக்கும், கேலரியில் தேடுங்கள். மொபைலின் சொந்த எடிட்டரில் செய்திருந்தால், மீண்டும் எடிட்டைத் திறந்து பழைய நிலைக்குத் திருப்ப வழி இருக்கலாம். அழித்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்காதீர்கள்: கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐபோனில் 30 நாள். அதுவும் தாண்டிவிட்டதா? அன்று படம் எடுத்தவரிடமோ, அதைப் பெற்றுக்கொண்ட மற்றவர்களிடமோ கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வேறு படத்திலிருந்து அண்ணன் முகத்தை வெட்டி ஒட்ட வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது உள்வாங்கித் தெரியும். மூன்று மீட்டர் தள்ளி எடுத்த குரூப் படத்தில் அந்த முகம் ஒட்டாது. வெளிச்சம் வரும் திசையும் மாறியிருக்கும். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மூடிய மாதிரி இருக்கும்.

மூலப்படம் கிடைத்ததும் அதே குரூப்பில், "முன்பு போட்டதில் அண்ணனை நான்தான் நீக்கினேன், தவறு" என்று எழுதிப் போடுங்கள். அண்ணனுக்கும் தனியாக அனுப்புங்கள். அம்மாவிடம் மட்டும் மெசேஜ் வேண்டாம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால் தேதியையும், இடமிருந்து வலமாக 12 பெயர்களையும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மொபைல் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். 8×10-இல் பிரிண்ட் போட்டால் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் வெட்டுப்படுவார்கள். 9×12 கேளுங்கள், 12 பேரும் அடங்குவார்கள்.