கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, லினக்ஸ் ஏன் இல்லை என்கிறது?

கேள்வி: விண்டோஸில் எழுதிய பேஷ் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) உபுண்டு லினக்ஸ் சர்வரில் ஏற்றி ஓட்டினால், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை போட்டால் கோப்பு இருக்கிறது. என்ன கோளாறு?

பதில்: காணோம் என்று அது சொல்வது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, அதை ஓட்டவேண்டிய பேஷ் நிரலை. முதல் வரியில் பேஷ் இருக்கும் பாதையைக் கொடுத்திருப்பீர்களே, அதன் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து விண்டோஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. லினக்ஸ் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று கையை விரிக்கிறது.

சந்தேகமாக இருந்தால் கேட் கட்டளைக்குப் பின் ஒரு கழித்தல் குறியும் பெரிய 'ஏ'வும் போட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். லினக்ஸ் கோப்பு என்றால் வரி முடிவில் டாலர் குறி மட்டும்தான் இருக்கும். அதற்கு முன்னால் கூரைபோல ஒரு குறியும் பெரிய 'எம்'மும் நின்றால் அதுதான் ஆள்.

இது டெலிடைப் (வரும் செய்தியைத் தாளில் அச்சடிக்கும் பழைய இயந்திரம்) காலத்துச் சொத்து. வரி முடிந்ததும் அச்சு முனையை இடது ஓரத்துக்குத் திருப்ப ஒரு குறி (எண் 13, நம் கண்ணுக்குத் தெரியாத ஆள் இதுதான்), தாளை ஒரு வரி நகர்த்த இன்னொரு குறி (எண் 10). லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது, விண்டோஸும் அதே வழி. பழைய மேக்குகளில் 13 மட்டும். மேக் ஓஎஸ் எக்ஸ் வந்த பிறகு அதுவும் யூனிக்ஸ் பக்கம் சேர்ந்துவிட்டது. நோட்பேடுக்கு 2018 வரை வெறும் 10 புரியாது. லினக்ஸ் கோப்பைத் திறந்தால் மொத்தமும் ஒரே வரியாக நீளும்!

சரி, வைத்தியம். சர்வரில் அந்த 13-ஐ நீக்கும் 'டாஸ்2யூனிக்ஸ்' நிரலை நிறுவி, ஸ்கிரிப்டின் மேல் ஒருமுறை ஓட்டுங்கள். நோட்பேடில் 'பிஓஎம்' (எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் அடையாளம்) சேர்த்துச் சேமித்திருந்தால் கோப்பின் தலையில் 3 பைட் உட்கார்ந்திருக்கும், அதனாலும் முதல் வரி கெடும். அதையும் இதுவே நீக்கிவிடும். விஎஸ் கோட் எடிட்டரில் என்றால் கீழே வலது மூலையில் 'சிஆர்எல்எஃப்' (13, 10 இரண்டும்) என்று இருப்பதைக் கிளிக் செய்து 'எல்எஃப்' (10 மட்டும்) ஆக்கிச் சேமித்தாலே போதும்.

மறுபடியும் வந்தால், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' மென்பொருளைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸில் நிறுவும்போது எல்லாவற்றுக்கும் 'நெக்ஸ்ட்' தட்டியிருந்தால், ரெப்போவிலிருந்து (கிட்டின் கோப்புக் களஞ்சியம்) எடுக்கும் ஒவ்வொரு டெக்ஸ்ட் கோப்பிலும் அது அந்த 13-ஐச் சேர்த்தே கொடுக்கும். ரெப்போவில் கிட்டுக்கான விதிகளை வைக்கும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு (பேஷ் ஸ்கிரிப்டும் இதில் ஒன்று) 'எல்எஃப்' என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். குழுவில் யார் எந்த மெஷினில் எடுத்தாலும் 10 மட்டும்தான் வரும்.