வீட்டைப் பற்றிக் கேட்காமல் மருந்து எழுதுவதில்லை

குழந்தை மருத்துவர் பதில்கள்

கேள்வி: நாலு வயசுப் பையனுக்கு மாசாமாசம் வீசிங். நெபுலைசர் வைத்தால் சரியாகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. ஒரே அறை உள்ள வாடகை வீடு. (வியாசர்பாடி)

ஜன்னலைச் சாத்திவிட்டு இரவில் கொசுவத்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? முதலில் அதை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்கிறது 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. சுவரில் ஓதம் ஏறிப் பூசணம் பிடித்திருந்தால் அதை ஒட்டிப் பாய் போடாதீர்கள். அதைப் பூசித் தர வேண்டியவர் வீட்டுக்காரர்தான். வாடகையை ஏற்றிவிடுவாரோ என்று பயந்து பலர் கேட்பதே இல்லை. டாக்டர் கடிதம் உதவும் என்றால் கேட்டு வாங்குங்கள். நான் பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பீடி, சிகரெட் பிடிப்பவர் வாசலில் நின்று பிடித்தாலும் அந்த நச்சு சட்டையோடு உள்ளே வரும்; சட்டை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதம் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் மகளுக்கு ரத்தம் ஏறவில்லை.

செருப்பில்லாமல் விளையாடுகிறாளா? திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களில் கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். டானிக்கை ஒட்டி டீ கொடுத்தால் இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு கொடுங்கள். இதையெல்லாம் செய்தும் ஏறாவிட்டால் ரத்தப் பரிசோதனை தேவை.

கேள்வி: காலையில் ஆறு மணிக்கே வேலைக்கு ஓடுகிறேன். பிள்ளை பட்டினியாகப் பள்ளிக்குப் போகிறது.

அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலை உணவு அங்கேயே உண்டு. நேரத்தோடு போய்ச் சேர்கிறதா என்று மட்டும் அக்கம்பக்கத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு வயசுப் பையன் ஆறு மாதமாக மறுபடியும் படுக்கையை நனைக்கிறான். அவன் அப்பா குடித்துவிட்டு வந்து சண்டை போடுவார். அதனால் இருக்குமா?

இருக்கும், அம்மா. சர்க்கரை, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இல்லை என்று முதலில் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். வாசல் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி படுக்கும் பிள்ளைக்கு நல்ல தூக்கம் ஏது? வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம் வயிற்றுவலியாகவும் நனைந்த பாயாகவும் வெளிவரும். அடிக்காதீர்கள், தங்கை எதிரில் சொல்லிக்காட்டாதீர்கள். ‘உன் மேல தப்பே இல்லடா’ என்று தினமும் சொல்லுங்கள். சண்டை வரும் இரவுகளில் பாட்டி வீட்டில் படுக்கட்டும். உங்கள் மேல் கை வைத்தால் பெண்கள் உதவி எண் 181-க்கும், பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடுங்கள். அடுத்த முறை அவனைக் கூட்டி வரும்போது அவனோடு கொஞ்ச நேரம் என்னைத் தனியாகப் பேச விடுங்கள்.