காமெடி மாமாவ கதைய விட்டு தூக்கிடலாமா?

கேள்வி: கைத்தறி லுங்கி நெய்யிற ஒரு குடும்பத்த வெச்சு நாவல் எழுதிகினு இருக்கேன். கடன், அடகு, அக்கா கல்யாணம் நின்னு போறதுன்னு ஒரே அழுகையா இருக்கேன்னு நடுவுல சிரிக்கறதுக்கு ஒரு தாய்மாமன வெச்சேன். குடிப்பார், வண்டில இருந்து விழுவார், தப்புத்தப்பா இங்கிலீஷ் பேசுவார். படிச்ச ஃப்ரெண்டு "இந்தாளு வந்தாலே பக்கத்த தள்ளிட்றேன்"னு சொல்லிட்டா. தூக்கிடட்டுமா? கடைசி அத்தியாயத்துல தறிய வித்துட்டு ஊர விட்டே போறாங்க, அங்க மட்டும் சிரிப்பு வேணாம்னு அவர கொண்டு வரல. ரெண்டு அத்தியாயம் அனுப்பியிருக்கேன்.
‍- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தூக்காதீங்கம்மா. ரெண்டையும் படிச்சேன், உங்க ஃப்ரெண்டு சொன்னது பாதி கரெக்ட். மாமா சேத்துல விழுற சீன்ல நானும் பக்கத்த தள்ளிட்டேன். ஆனா அந்த அடகு கடை சீன் இருக்கு பாருங்க, அக்காவோட கம்மல தராசுல வெச்சிட்டு கடைக்காரர் கல்லு எடைய கழிக்கணும்னு சொல்றாரு, உடனே மாமா "கல்லுக்கு தான் நீ துட்டு தரமாட்டியே, அப்ப கல்ல கழட்டி எங்க கைல குட்த்துடு, நாங்க எட்த்துகினு போறோம்"னு சண்டைக்கு நிக்கறாரு, அங்க சத்தமாவே சிரிச்சிட்டேன், சிரிச்ச கையோட வயித்த என்னமோ பண்ணுச்சு. ஏன்னா அவரு ஜோக் அடிக்கல, அவருக்கு அது நெஜமான நியாயம், யோசிச்சு பார்த்தா நமக்கும் நியாயமா தான் தெரியுது. சேத்துல விழுறப்ப அவருக்கு ஒண்ணும் வேண்டியதில்ல, நாம சிரிக்கணும்னு உங்களுக்கு தான் வேண்டியிருக்கு. அது படிக்கிறவனுக்கு உடனே தெரிஞ்சிடும்.

நாம பார்த்து வளந்த சினிமாவும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன். ஒரு காலத்துல காமெடி ட்ராக்க தனியா எழுதி, தனியா எடுத்து, படத்துல அங்கங்க சொருவுவாங்க, கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது, ஆனாலும் ஓடுச்சு. கவுண்டமணி செந்தில் வந்து நின்னாலே பாதி சிரிப்பு வந்துடும்ல. பேப்பர்ல மூஞ்சி கிடையாதே, அந்த சிரிப்ப நீங்க எங்கருந்து கொண்டு வருவீங்க?

நீங்க தூரமா எங்கயும் போக வேணாம், நம்ம தெருக்கூத்துல வர கோமாளி, அந்த கட்டியக்காரன பாருங்க. 1989ல வட ஆற்காடு ஜில்லாவ பிரிச்சப்ப செய்யாறு, ஆரணி, புரிசை எல்லாம் திருவண்ணாமலை பக்கம் போயிடுச்சு, கூத்துக்கு அந்த கோடெல்லாம் தெரியாது, நமக்கு அது வட ஆற்காட்டு கூத்து தான். திரைய ரெண்டு பேரு புடிச்சிகினு நிப்பாங்க, பின்னால இருந்து ராஜா பாடிகினே வருவாரு, கட்டியக்காரன் வெளிய நின்னு நீ யாரு, எந்த தேசம், இன்னாத்துக்கு வந்தேன்னு கேப்பான். ஜனங்க சிரிக்கும், அந்த சிரிப்புலயே கதை மாந்தர் அறிமுகமும் முடிஞ்சிடும். அவனே வாயிற்காப்போன், அவனே சேவகன், அவனே சேதி கொண்டு போறவன். ராஜா பாட்டா பாடினத நம்ம பேச்சுல திருப்பி கேட்டு ஜனங்களுக்கு புரிய வெக்கறதும் அவன் தான். அவன எடுத்துட்டா காமெடி மட்டும் போகாது, கூத்தே நவுராது. உங்க மாமாவ எடுத்துட்டா எது நவுராம நிக்கும்? இப்பத்திக்கு ஒண்ணுமில்ல, அதான் ஃப்ரெண்டு தள்ளிட்றாங்க.

ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகத்துலயும் ஒரு வாயிற்காப்போன் வருவான். ராஜாவ கொன்னாச்சு, வெளிய யாரோ கதவ தட்றாங்க, இவன் போதையில நரகத்து வாசல்ல காவல் நிக்கறவன் மாதிரி உளறிகினே மெதுவா வரான். உள்ள பொணம் கெடக்குதுன்னு நமக்கு தெரியும், அவனுக்கு தெரியாது. அந்த கேப்ல தான் கொன்னவன் கைல இருக்கற ரத்தத்த கழுவிகினு வரதுக்கு நேரம் கெடைக்குது. அந்த உளறல் பயத்த ஒண்ணும் கொறைக்காது, இழுத்து புடிச்சு இன்னும் ஏத்தி விடும்.

சரி, உங்க மாமாவுக்கு வருவோம். அவருக்கு ஒரு ஆசைய குடுங்க, அவர பொறுத்த வரைக்கும் ரொம்ப சீரியஸான ஆசை. எனக்கு தோணறது, அக்கா கல்யாணம் நின்னு போனதுக்கு தான் தான் காரணம்னு அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல், அதனால பாக்கற ஆள் கிட்டல்லாம் வரன் விசாரிக்கறாரு. வட்டிக்காரர் தறி மேல கைய வெச்சிகினு வாசல்ல கத்திகினு இருக்காரு, அம்மா உள்ள அழுவறாங்க, நம்மாளு காபி டம்ளர நீட்டி "உங்க பையன் இன்னா பண்றாப்ல, ஜாதகம் கீதா?"ன்னு கேக்கறாரு. குடும்பத்துக்கு மானம் போவுது, நமக்கு சிரிப்பு வருது. ரெண்டு அத்தியாயம் தள்ளி அந்த வட்டிக்காரரு ஜாதகத்தோட நெஜமாவே வந்து நின்னா? கடன கழிச்சிக்கலாம், பொண்ண குடுங்கன்னு கேட்டா? அன்னிக்கி சிரிச்சவங்க எல்லாம் இப்ப வாய மூடிகினு உக்காரணும். கதை அங்கருந்து வேற மாதிரி போவும், எப்படின்னு நீங்க தான் பார்த்துக்கணும்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் கோவமாவே சொல்றேன். உங்க நாவல்ல அப்பா, அக்கா, தம்பி எல்லாரும் ரேடியோ செய்தி மாதிரி பேசறாங்க, மாமா ஒருத்தர் மட்டும் இன்னா, கீது, வந்துகினு போய்கினுன்னு பேசறாரு. அப்ப நம்ம ஊரு பேச்சு தான் ஜோக்கா? அந்த ஊட்ல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க, பேச விடுங்க. தப்பு இங்கிலீஷும் அதே கேஸ் தான், ஒரு தடவை போதும். குடியும் எனக்கு சலிச்சு போச்சு, குடிச்சா தான் சிரிப்பு வரும்னா அந்த கேரக்டர்ல சரக்கு இல்லன்னு அர்த்தம்.

கடைசி அத்தியாயத்துல அவர ஒளிச்சு வெச்சது தான் எனக்கு சுத்தமா புடிக்கல. பாரதக் கூத்துல விடிய விடிய எத்தினி சாவு விழுது, கட்டியக்காரன் வீட்டுக்கு போயிட்றானா என்ன? தறிய கழட்டி டெம்போல ஏத்தறப்ப மாமா அங்க இருக்கட்டும், டிரைவர் கிட்ட வாடகைக்கு பேரம் பேசட்டும், அம்பது ரூபா கொறைச்சிட்டோம்னு பெருமையா திரும்பி பார்க்கட்டும். பார்த்து யாரும் சிரிக்கலன்னா அப்படியே விட்டுடுங்க, நீங்க உள்ள பூந்து வெளக்கம் எழுதாதீங்க. மாத்தி எழுதினா அந்த அத்தியாயத்த மட்டும் அனுப்புங்க, படிக்கறேன்.