பழைய சிந்தசைசரின் ஒலியைக் கணினியில் திருத்துவது: கேள்வி பதில்

1980களின் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிகளைக் கணினியோடு இணைக்க முயல்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எடிட்டர் மென்பொருளில் ஒரு குமிழைத் திருப்பினால் ஒலி மாறுகிறது. அந்த ஒலியை உண்டாக்குவது கணினியா, கருவியா?

கருவிதான். எடிட்டர் செய்வதெல்லாம், "இந்த அளவுருவை இந்த மதிப்புக்கு மாற்று" என்ற கட்டளையை மிடி (மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் செய்திகளைப் பரிமாறும் முறை) கேபிள் வழியாக அனுப்புவது மட்டுமே. இத்தகைய கட்டளைகளுக்குச் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ், சுருக்கமாகச் சிஸெக்ஸ், என்று பெயர். பதினறும எண்முறையில் எஃப்0 என்று தொடங்கி எஃப்7 என்று முடியும். தொடக்கத்தை அடுத்து நிறுவனத்தின் எண் வரும்: ரோலண்டுக்கு 41, கோர்குக்கு 42, யமஹாவுக்கு 43.

இதற்கு ஏன் கணினி வேண்டும் என்று கேட்பவர்கள் 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் முகப்பைப் பார்த்தால் போதும். பெயரின் 10 எழுத்துகள் நீங்கலாக, ஒவ்வோர் ஒலிக்கும் 145 அளவுருக்கள் உண்டு. அத்தனையையும் இரண்டு வரித் திரை ஒன்றில், ஒரு நேரத்தில் ஒன்றாக, ஒரே ஸ்லைடரைக் கொண்டு மாற்ற வேண்டும். அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலை ஒலிகளோடு நின்றுவிட்டதில் எனக்கு வியப்பே இல்லை.

கேள்வி: பழைய டிஎக்ஸ்7 ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

எதையும் திருத்தாதீர்கள். உள்ளே இருக்கும் 32 ஒலிகளையும் முதலில் கணினிக்கு இறக்கிவிடுங்கள். அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றுதான். அது எத்தனை ஆண்டு பழையது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது. ஃபங்ஷன் பொத்தானை அழுத்திவிட்டு 14ஆம் பொத்தானை அழுத்தினால் பேட்டரியின் வோல்டேஜ் திரையில் வரும்.

இறக்கும் முறை இது. கருவியின் மிடி அவுட், கருவியைக் கணினியோடு இணைக்கும் மிடி இடைமுகத்தின் மிடி இன்னுக்குப் போக வேண்டும். கருவியின் இன், இடைமுகத்தின் அவுட்டிலிருந்து வர வேண்டும். தொடங்குபவர்கள் பாதிப்பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பிறகு ஃபங்ஷன், 8ஆம் பொத்தான். அதையே மீண்டும் அழுத்தினால் 'சிஸ் இன்ஃபோ' என்ற வரி வரும். அதை 'அவெயில்' என்று மாற்றுங்கள். இன்னொரு முறை அழுத்தினால் 'மிடி டிரான்ஸ்மிட்?' என்று கருவியே கேட்கும். கணினியில் பதிவு செய்யும் மென்பொருளைத் தயாராக வைத்துக்கொண்டு 'யெஸ்' கொடுங்கள்.

வந்து சேரும் கோப்பு சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும். அதன் கணக்கு எளிது: தலைப்புக்கு 6, ஒலிக்கு 128 வீதம் 32 ஒலிகளுக்கு 4,096, சரிபார்ப்புக்கான செக்சம் 1, முடிவுக்குறி 1. மிடி ஒரு வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுகிறது. தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 10 பிட். ஆகவே முழுவதும் வர ஏறக்குறைய 1.3 வினாடி ஆகும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டாலோ கோப்பு ஒரு பைட் குறைந்தாலோ அதை நம்பாதீர்கள். அதே கோப்பைத் திருப்பி அனுப்பி, கருவி ஏற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்புமுன் மெமரி ப்ரொடெக்டை அணைக்க வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால் கருவி எதையும் உள்ளே விடாது.

கேள்வி: எல்லாம் சரியாக இணைத்திருக்கிறேன். சுரங்கள் ஒலிக்கின்றன. ஆனால் சிஸெக்ஸ் கோப்பு மட்டும் சிதைந்து வருகிறது. கருவி பழுதா?

பெரும்பாலும் கேபிள்தான் காரணம். ஒரு சுரத்துக்கு மூன்று பைட் போதும். அதை எந்த மலிவான யூஎஸ்பி மிடி கேபிளும் கடத்திவிடும். நான்காயிரம் பைட் இடைவிடாமல் வரும்போதுதான் அதன் சிறிய பஃபர் (தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) நிரம்பி, நடுவில் சில பைட்கள் காணாமல் போகின்றன. பெயர் சொல்லத்தக்க ஒரு மிடி இடைமுகத்தை இரவல் வாங்கிச் சோதியுங்கள். அதற்குப் பிறகும் சிதைந்தால் கருவியைச் சந்தேகிக்கலாம்.

கணினியிலிருந்து கருவிக்கு அனுப்பும் திசையில் பழுது வேறுவிதமானது. பழைய கருவியின் நுண்செயலி மெதுவானது. அடுத்தடுத்து வரும் செய்திகளைச் செரித்துக்கொள்ள அதற்கு நேரம் வேண்டும். மிடி-ஆக்ஸ், சிஸெக்ஸ் லைப்ரேரியன் போன்றவற்றில் செய்திகளுக்கு இடையே தாமதம் வைக்கும் அமைப்பு உண்டு. அதைத் தாராளமாகக் கூட்டுங்கள்.

கேள்வி: அருமையான ஒலி ஒன்றை எடிட்டரில் உருவாக்கினேன். கருவியில் வேறொரு ஒலியைத் தேர்ந்துவிட்டுத் திரும்பினால், என் ஒலியைக் காணோம்!

அது கருவியின் நினைவகத்துக்குள் போகவே இல்லை. இந்தக் கருவிகளில் இரண்டு இடங்கள் உண்டு: இப்போது ஒலித்துக்கொண்டிருக்கும் ஒலி தங்கும் எடிட் பஃபர் ஒன்று, நிரந்தர நினைவகம் இன்னொன்று. எடிட்டர் அனுப்பும் மாற்றங்கள் முன்னதற்குத்தான் போகின்றன. வேறு ஒலியைத் தேர்ந்தால் அந்த இடம் மேலெழுதப்படுகிறது. டிஎக்ஸ்7இல் ஸ்டோர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு இடத்தின் எண்ணை அழுத்த வேண்டும். கணினியிலும் கோப்பாகச் சேமித்துவையுங்கள். எடிட்டர் இன்னும் திறந்திருந்தால் உங்கள் ஒலி அதில் அப்படியே இருக்கும். மறுபடி அனுப்பினால் வந்துவிடும்.

கேள்வி: டிஎக்ஸ்7இன் எஃப்எம் ஒலியை (ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து உண்டாக்கும் ஒலியை) திருத்துவது இருட்டில் துழாவுவது போல இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

தொழிற்சாலை ஒலியான 'ஈ. பியானோ 1'ஐத் திறந்துகொள்ளுங்கள். அது 5ஆம் அல்காரிதத்தில் (ஆப்பரேட்டர்கள் எனப்படும் அலை உண்டாக்கிகளை இணைக்கும் அமைப்பில்) அமைந்தது: மூன்று இணைகள், ஒவ்வோர் இணையிலும் ஒலிக்கும் ஆப்பரேட்டர் ஒன்று, அதன் நிறத்தை மாற்றும் ஆப்பரேட்டர் ஒன்று. எடிட்டரில் 2ஆம் ஆப்பரேட்டரைப் பாருங்கள். அதன் அதிர்வெண் விகிதம் 14. விசையைத் தட்டியதும் கேட்கும் கணீரென்ற உலோகத் தெறிப்பு அங்கிருந்துதான் வருகிறது. அதன் அவுட்புட் லெவலை மெல்லக் குறைத்துக்கொண்டே ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். தெறிப்பு தேய்ந்து, மழுங்கிய மரத்தன்மையான பியானோ மிஞ்சும். அடுத்து லெவலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, விகிதத்தை 14இலிருந்து 9, 7, 3 என்று இறக்கிக் கேளுங்கள். எஃப்எம் முறையின் பாதிப் பாடம் இந்த ஒரே ஆப்பரேட்டரில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றுங்கள்; ஐந்தை ஒருசேர மாற்றினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: டிஎக்ஸ்7இன் ஒலியைக் கணினியிலேயே உண்டாக்கும் டெக்செட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது நிஜ டிஎக்ஸ்7 எதற்கு?

ஒலி மட்டும் போதும் என்றால் தேவையில்லை என்பதே என் கருத்து. டெக்செட் டிஎக்ஸ்7இன் கோப்புகளை அப்படியே படிக்கிறது. நிஜக் கருவிக்கு ஒலிகளை அனுப்பவும் செய்கிறது. ஆகவே கருவி வைத்திருப்பவர்களுக்கு அதுவே நல்ல எடிட்டர். பழைய கருவியில், எண்களை ஒலிக்கான மின்குறிப்பாக மாற்றும் 12 பிட் மாற்றியிலிருந்து வரும் மெல்லிய கரகரப்பு சிலருக்கு உயிர். எனக்கு அது பல நாள் சாதாரண இரைச்சலாகத்தான் கேட்கிறது.

கேள்வி: என்னிடம் ரோலண்ட் ஜூனோ-106 இருக்கிறது. மென்பொருள் திரையில் உள்ள ஸ்லைடர்கள் கருவியின் ஒலியோடு பொருந்தவில்லை.

பின்புறம் உள்ள மிடி ஃபங்ஷன் சுவிட்ச் மூன்றாம் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில்தான் அது சிஸெக்ஸ் பேசும். "உன் ஒலியைக் கொடு" என்று கணினியிலிருந்து அதைக் கேட்க வழியில்லை. கருவியில் நீங்கள் ஓர் ஒலிப் பொத்தானை அழுத்தும்போது அது தானாக அனுப்பும். எடிட்டரும் அப்போது ஒத்திசையும். அதே நேரம், முகப்பிலுள்ள நிஜ ஸ்லைடர்கள் தாமாக நகராது. ஏதேனும் ஒன்றைத் தொட்டால் மதிப்பு அந்த ஸ்லைடர் நிற்கும் இடத்துக்குத் தாவிவிடும்.

கேள்வி: ஜூனோ-60க்கு எடிட்டர் உண்டா?

மிடி இல்லாத கருவி அது, 1982இல் வந்தது. ஆனால் அதன் ஒலிகளைக் கேசட்டில் சேமிக்கும் துளை பின்னால் இருக்கிறது. கேசட்டுக்குப் பதில் கணினியில் பதிவு செய்யலாம். வேவ் கோப்பாகவே வையுங்கள். எம்பி3 ஆக்கினால் சுருக்கத்தில் தரவு கெட்டு, திரும்ப ஏற்ற முடியாமல் போகலாம்.

கேள்வி: ரோலண்ட் கோப்பைத் தவறுதலாக யமஹாவுக்கு அனுப்பிவிட்டேன். கெட்டுவிடுமா?

ஒன்றும் ஆகாது. 41 என்ற எண்ணைப் பார்த்ததும் தனக்கில்லை என்று யமஹா விட்டுவிடும். கவனம் வேண்டியது, ஒரே கருவிக்கான 32 ஒலித் தொகுப்புகளில்தான். புதியது ஏறும்போது உள்ளிருந்த 32 ஒலிகளும் கேள்வியில்லாமல் அழியும்.

கேள்வி: ஓபர்ஹைம் மேட்ரிக்ஸ்-1000 வாங்கலாமா? முகப்பில் குமிழே இல்லையே.

எடிட்டர் இல்லாவிட்டால் அது ஆயிரம் ஒலிகள் கொண்ட பெட்டி மட்டும்தான். அவற்றில் முதல் 200 இடங்களில் உங்கள் ஒலிகளை எழுதலாம், மற்றவை நிலையானவை. எடிசின் என்ற இலவச மென்பொருள் இதற்கு நன்றாகப் பொருந்தும். பழைய ஃபர்ம்வேர் (கருவியின் சிப்பில் இருக்கும் மென்பொருள்) உள்ள கருவி எடிட்டரின் மாற்றங்களை ஏற்பதில் திணறும். வாங்குமுன் எந்த ஃபர்ம்வேர் இருக்கிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். புதுப்பிக்கப்பட்ட சிப் போட்டிருந்தால், கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும் வாங்கலாம்.