தலைமுடி சிலுப்பிக்கிட்டு நிக்குதா? வீட்டு கண்டிஷனர் கேள்வி-பதில்

ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து வந்த கேள்வி முக்காவாசி இதேதான், முடி பரட்டையா நிக்குது ஆச்சி, வீட்லயே என்ன செஞ்சு போடலாம்னு.

கே: வெந்தயம் அரைச்சுப் போட்டேன், ரெண்டு நாளா தலைல இருந்து பொடி பொடியா உதிருது, முடியும் வறவறன்னுதான் இருக்கு. (தேவகோட்டை)

தப்பு வெந்தயத்து மேல இல்லம்மா, விழுதை அப்படியே அப்பினதுலதான். முடிக்கு வேண்டியது அதோட வழவழப்பு மட்டும், சக்கை இல்ல. முடியோட மேல்புறம் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், காஞ்சு போனா அந்தச் செதில் தூக்கிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு மாட்டும், காத்துல இருக்க ஈரத்தையும் இழுத்து உப்பிக்கும், அதான் சிலுப்புறது. வழவழப்பு மேல படிஞ்சா செதில் அமுங்கிரும். ரெண்டு ஸ்பூன் வெந்தயத்த ரெண்டு டம்ளர் தண்ணில ராத்திரி ஊறப்போட்டு, காலைல அரைக்காம அந்தத் தண்ணியோடயே சிம்ல அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, சூடு இருக்கப்பவே பழைய வேட்டித் துணில வடிகட்டிருங்க, ஆறிட்டா துணில இறங்காது. ரெண்டு விரல்ல தொட்டுப் பிரிச்சா மெல்லிசா நூல் ஓடணும், பாகுப் பதம் பாப்போம்ல அதே மாதிரி. ஷாம்பு அலசி, தண்ணி சொட்டுறது நின்னதும் காதுக்குக் கீழ இருந்து நுனி வரைக்கும் தடவி, பல்லு அகலமான சீப்பால இழுத்துவிட்டு 15 நிமிஷத்துல அலசிருங்க. வெந்தயம் இல்லன்னா செம்பருத்தி இலை பத்து பன்னெண்ட தண்ணிலயே கசக்குங்க, கொழகொழன்னு வந்துரும், அடுப்பே வேணாம். வேர்க்கடலை அலர்ஜி இருக்கவங்க மட்டும் வெந்தயத்த காதுக்குப் பின்னாடி கொஞ்சம் வச்சுப் பாத்துட்டு போடுங்க.

கே: வாக்கப்பட்டு வந்த ஊர்ல போர் தண்ணி உப்பு. எது போட்டாலும் முடி நார் மாதிரி இருக்கு ஆச்சி.

பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுதா? அந்தச் சுண்ணாம்பும் மெக்னீசியமும்தான் முடிலயும் படியுது, அதுக்கு மேல என்ன தடவினாலும் பிடிக்காது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணி எடுத்து வைங்க. எங்க அப்பத்தா வீட்டு நடு முற்றத்துல அண்டா வச்சு மழைத்தண்ணி பிடிச்சு வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்தும், இப்பவும் மழை நாள்ல நான் அதத்தான் செய்றேன், ஒரே அலசல்ல வித்தியாசம் தெரியும். மழை இல்லாதப்ப அரை லிட்டர் தண்ணில ஒரு பெரிய ஸ்பூன் வினிகர் கலந்து ஊத்தி, அப்புறம் அலசிக்கோங்க. எலுமிச்சம்பழத்த நேரா தேய்க்காதீங்க, ரொம்ப புளிப்பு, தலைல புண்ணு இருந்தா எரிஞ்சிரும்.

கே: முட்டை போட்டா சிலுப்பு அடங்குமா?

முட்டைப் புரதம் முடிக்குள்ள போற அளவுக்குச் சின்னது இல்ல. வெந்நீர் ஊத்துனா தலைலயே வெந்து ஒட்டிக்கும். வேணாம்.

கே: தேங்காய்ப்பால் கண்டிஷனர் செஞ்சு ஒரு மாசத்துக்கு வச்சுக்கலாமா?

ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள், அதுக்கு மேல கெட்டுரும். எனக்குக் கேட்டா தேங்காய் எண்ணெயே போதும், குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நுனில தடவுங்க, அது முடிக்குள்ளயே இறங்கும். 2003ல வந்த ஒரு ஆய்வுல சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் ரெண்டோடயும் வச்சுப் பாத்ததுல முடியோட புரதம் போறத நல்லா குறைச்சது தேங்காய் எண்ணெய்தான்.

கே: ஏழு வயசு மக, சீவச் சீவ முடி உப்பிக்கிட்டே போகுது, ஸ்கூல்ல கேலி பண்றாங்கன்னு அழுகுறா. (பள்ளத்தூர்)

புள்ளைக்கு அது சிலுப்பு இல்லம்மா, சுருட்டை முடி. காஞ்ச முடில சீப்பு வச்சா சுருள் கலைஞ்சு உப்பத்தான் செய்யும். ஈரத்துலயே, அந்த வெந்தயத் தண்ணி தடவி, நுனில இருந்து மேல மேல சிக்கு எடுங்க, துண்டால தேய்க்காம பழைய பனியன்ல ஒத்தி எடுத்து அப்படியே காய விடுங்க. காஞ்சதும் புள்ளைய கண்ணாடி முன்னாடி நிப்பாட்டி, அந்தச் சுருள அவளையே தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.